முல வேலை

வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். கடிக்க வேண்டிய பல்லே வலித்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. உக்குவளை உம்மு குல்தூமுக்கு வலித்தது அந்த மாதிரிப் பல். மேல்வரிசையில் நட்ட நடுவே, வாயைத் திறந்தால் முதலில் தெரிகிற பல். போன வருடம் கிணற்றடியில் வாளியின் கைப்பிடி எகிறி அதில் அடித்தது. இரத்தம் நின்றதும் அவள் அதை மறந்துவிட்டாள். பல் மறக்கவில்லை. மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, நோன்புக்கு இரண்டு மாதம் இருக்க, ரஜப் மாதம் பிறந்த கையோடு ஈறு வீங்கி, அவளைப் படுத்தி எடுக்கத் தொடங்கியது.

ஊர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடலாம் என்றார். அவள் கணவன் மஹ்ரூபும் அதையே சொன்னான். கராம்பு, மிளகு, சாதிக்காய் என்று வாங்கி விற்கிறவன் அவன். சொத்தை விழுந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவது அவனுக்குத் தொழில். போதாததற்குக் கட்டுப்பல் வைத்துக்கொண்டவர்கள் யார் யார், அவர்கள் எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார்கள் என்றும் விவரித்தான். உம்மு குல்தூம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாளே தவிர, பிடுங்குவதற்குச் சம்மதிக்கவில்லை.

அவளுக்கு அழகு பற்றிய கவலை இல்லை. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவளுடைய ரமழான் மாதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நோன்பு மாதம் முழுக்க, ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வீட்டுப் பெரிய ஹாலில் இரவில் பெண்கள் கூடித் தராவீஹ் தொழுவார்கள். நின்று ஓதி, குனிந்து, இரண்டு தடவை நெற்றியை நிலத்தில் வைத்து எழுவது ஒரு ரக்அத்; அப்படி இருபது ரக்அத் தொழுகை. தொழுவிப்பவள் உம்மு குல்தூம். ஆண்களின் இமாமைப் போல அவள் முன்னால் தனியாக நிற்பதில்லை. பெண்ணுக்குப் பெண் தொழுவித்தால் முதல் வரிசையின் நடுவிலேயே, மற்றவர்களின் தோளோடு தோளாக நிற்க வேண்டும். அந்த நடு இடம் அவளுக்கு உயிர். வருடத்தில் பதினொரு மாதம் அவள் மஹ்ரூபின் பெண்சாதி, கராம்பு காயப்போடுகிறவள், மழை வந்தால் பாயை இழுக்க ஓடுகிறவள். அந்த ஒரு மாதம்தான் அவள் உம்மு குல்தூம்.

ஒவ்வொரு ரக்அத்திலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா ஓத வேண்டும். அதன் கடைசியில் ‘அல்லதீன’ என்று ஒரு சொல் வருகிறது. அதிலுள்ள ‘தீ’ நம்முடைய தமிழ்த் தீ அல்ல. நாக்கு நுனி மேல் முன்பற்களின் விளிம்பைப் பட்டும் படாமலும் தொட்டு, இடையில் காற்றை மெல்ல விட வேண்டும். அங்கே பல் இல்லாமல் போனால் காற்று ஓட்டை வழியாக விசிலடித்துக்கொண்டு வெளியேறி, எழுத்து ‘ஸீ’ ஆகிவிடும். அல்ஹம்துவில் ஓர் எழுத்தை ஒழுங்காகச் சொல்ல முடியாதவர், ஒழுங்காகச் சொல்லக்கூடியவர்களுக்குத் தொழுவிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தகப்பனாரிடம் மார்க்கச் சட்டக் கிதாபு பார்த்து ஓதியவளுக்கு இது நன்றாகத் தெரியும். பல் போனால் எழுத்துப் போகும். எழுத்துப் போனால் நடு இடம் போகும். கட்டுப்பல்லை அவள் நம்பவில்லை. கழற்றி வைக்கிற பொருளை நம்பி ஓத முடியாது என்றாள்.

கடைசியில் மஹ்ரூப் நாலு பேரிடம் விசாரித்து, பல்லைப் பிடுங்காமலே வைத்தியம் செய்கிற ஒரு பல் டொக்டர் கண்டியில் இருப்பதாகக் கண்டுபிடித்து வந்தான். முதல் தடவை போனபோது டொக்டர் வீக்கம் வற்றுவதற்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்பதைச் சிங்களத்தில் மஹ்ரூபிடம் விளக்கினார். பல்லுக்குள்ளே நரம்பு செத்துவிட்டது, செத்தது அழுகிக்கொண்டிருக்கிறது. பல்லின் பின்பக்கம் சின்னத் துளை போட்டு, அழுகலை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து அடைத்துவிட்டால் பல் அதுபாட்டுக்கு நிற்கும். “முல சுத்த கரன்ன ஓனே” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். முல என்றால் சிங்களத்தில் வேர்.

வெளியே வந்ததும் உம்மு குல்தூம் கணவனிடம் ஒரு சத்தியம் வாங்கினாள்.

“ஒருத்தருக்கும் சொல்லப்படாது. என்ட முன்பல்லுக்கு வருத்தம்னு தெரிஞ்சா, பின்னால தொழுறவங்கட மனசுல சந்தேகம் விழுந்திரும். அப்புறம் நான் எவ்வளவு ஒழுங்கா ஓதினாலும் அவங்க எழுத்தைத்தான் கேட்டுக்கிட்டு நிப்பாங்க.”

மஹ்ரூப் தலையாட்டினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதன்தான் அவன். காப்பாற்றுகிற விதத்தில்தான் கோளாறு.

அடுத்த தடவைக்கு அவள் கல்யாணத்துக்குத் தயாராவதுபோலத் தயாரானாள். ரமழானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தில் விரும்பி நோற்கிற சுன்னத்து நோன்புகளை விட்டாள், வெறும் வயிற்றோடு ஊசி போட வரக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையில் குரக்கன் கஞ்சி குடித்தாள். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். இரண்டு ரக்அத் தொழுது, பல்லைக் கேட்டுத் துஆச் செய்தாள். எத்தனையோ பேர் எதையெதையோ கேட்கிற இடத்தில் தான் ஒற்றைப் பல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

உக்குவளை ஸ்டேஷனில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் நின்றிருந்தார். புருஷனும் பெண்சாதியுமாக எங்கே புறப்பாடு என்று விசாரித்தார். மஹ்ரூபுக்கு வேர்த்துவிட்டது. பொய் சொல்ல அவனுக்கு வராது, உண்மையைச் சொல்லச் சத்தியம் விடாது. சிங்களச் சொல்லைச் சொன்னால் பாதி மறைத்ததாகும் என்று அவன் மூளைக்குப் பட்டது. பெண்சாதிக்கு உடம்பு சுகமில்லை, கண்டியில் ஒரு டொக்டரிடம் ‘முல வேல’ செய்ய வேண்டியிருக்கிறது, இன்னும் சில தடவை போக வேண்டும் என்றான்.

ஹாஜியாரின் காதோ தமிழ்க் காது. அதில் விழுந்தது ‘மூலம்’. ஐயோ பாவம் என்று அவர் முகம் சுருங்கியது. மூலவியாதி பற்றி அடுத்தவன் பெண்சாதியை வைத்துக்கொண்டு நடு ஸ்டேஷனில் யார் பேசுவார்கள்? அல்லாஹ் சுகத்தைத் தருவான் என்று சொல்லிவிட்டு, உம்மு குல்தூமின் பக்கம் திரும்பாமலே அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். சந்தேகமே வராமல் சமாளித்துவிட்டதாக மஹ்ரூபுக்கு ஒரே பெருமை.

ஊசி அவள் பயந்த அளவுக்கு இல்லை. அதற்குப் பிறகுதான் பயமே. டொக்டர் முள்ளு முள்ளாக இருந்த மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுத் திருகித் திருகி எடுத்தார். வலி இல்லை, ஆனால் தன் தலைக்குள்ளே யாரோ துழாவுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. கதிரையின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் நபி பேரில் ஸலவாத்து ஓதினாள். கடைசியில் மருந்துப் பஞ்சை வைத்து, மேலே ஏதோ பூசி அடைத்தார். பூசியதில் கராம்பு வாசம். வீடு நிறையக் கராம்பு வைத்துக்கொண்டு கண்டிக்கு வந்து கராம்பு பூசிக்கொள்கிறோமே என்று அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் உதடு இல்லை.

உதடு இல்லாததன் விபரீதம் ரயிலில்தான் புரிந்தது. கட்டுகஸ்தோட்டை தாண்டியதும் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் அல்ஹம்துவைச் சொல்லிப் பார்த்தாள். மேலுதடு யாருடையதோ போலத் தொங்கியது. நாக்கு பல்லைத் தேடிப் போனது, பல் இருந்த இடத்தில் மரக்கட்டை இருந்தது. ‘தீ’க்குரிய தால் எழுத்து மட்டுமல்ல, உதடு சேர்ந்து வர வேண்டிய மீம் வரவில்லை, பே வரவில்லை. எழுத்தைக் காப்பாற்றப் போய் எல்லா எழுத்தையும் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று நினைத்தாள். கண்ணீர் வழிந்தது, அது உதட்டில் பட்டதுகூடத் தெரியவில்லை. மஹ்ரூப் பதறிப்போய், விறைப்பு கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று டொக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். வத்தேகமை வந்தபோது உதட்டில் எறும்பு ஊர்ந்தது. உக்குவளையில் இறங்கும்போது வலிக்கத் தொடங்கியது. வலிக்கிறது என்று சந்தோஷப்பட்டு ரயிலைவிட்டு இறங்கியவள் அந்த வருடம் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இரண்டு நாள் முகம் வீங்கிக் கிடந்தாள். உப்புத் தண்ணீர், ஆறிய கஞ்சி, டொக்டர் தந்த மாத்திரை. முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்பது கட்டளை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தபோது வீட்டுக்குச் சாப்பாடு வரத் தொடங்கியது. ஹாஜியாரின் மனைவி நோனா மாமி கருணைக்கிழங்கை அவித்து மசித்து அனுப்பினார். இன்னொரு வீட்டிலிருந்து ஆட்டுப்பால் வந்தது. மற்றொரு வீட்டிலிருந்து உறைப்பே இல்லாத கீரைக் கறி. எல்லாம் மெதுவான பண்டம், மெல்லத் தேவையில்லாதது. எப்படியோ பல்லின் சங்கதி வெளியே போய்விட்டது என்று உம்மு குல்தூம் நினைத்தாள். மஹ்ரூபைக் கேட்டாள். பல் என்ற சொல் தன் வாயிலிருந்து வரவே இல்லை என்று அவன் சத்தியம் செய்தான். அதுவும் உண்மைதான்.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் யாராவது ஓடிப்போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து கதிரையில் போட்டார்கள்.

ஷஅபான் நடுவில் வருகிற பராத் இரவு கழிந்த பிறகு ஒரு பின்னேரம் ஸரீனா வந்தாள். நாவுலயிலிருந்து கல்யாணம் முடித்து வந்த பெண், வாய்க்குள்ளே பேசுகிறவள். வந்து உட்கார்ந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“தாத்தா, நோனா மாமி இந்த நோன்புக்கு என்னைத் தொழுவிக்கச் சொன்னாங்க. ஒங்களுக்குச் சுகமில்லாத நேரத்துல கஷ்டம் குடுக்கப்படாதுன்னு சொன்னாங்க. நான் ஓதுறதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க.”

அக்காளைத் தாத்தா என்று அழைப்பது அவர்கள் வழக்கு. அந்தத் தாத்தாவுக்கு அன்று தலையில் இடி விழுந்தது போல இருந்தது. ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை, பயம்தான் இருந்தது. சரி ஓது என்றாள். ஸரீனா ஓதினாள். உம்மு குல்தூம் பிழைக்காகக் காத்திருந்தாள் என்பதை மறைத்து என்ன பயன்? ஒரு பிழை கிடைத்தால் போதும் என்றுதான் காத்திருந்தாள். அல்லதீன வந்தது. முத்துப் போன்ற பற்களின் விளிம்பைத் தொட்டுச் சுத்தமாக வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, கராம்புச் சாக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள்.

ஷஅபான் முடியப் போகிற நேரத்தில் கடைசித் தடவையும் கண்டிக்குப் போய் வந்தாள். டொக்டர் வேருக்குள்ளே ரப்பர் மாதிரி எதையோ நிறைத்து, துளையை நிரந்தரமாக அடைத்தார். பல் இனி வலிக்காது, அதற்கு உணர்ச்சி இல்லை, ஆனால் உறுதியாக நிற்கும் என்றார். நிறம்தான் திரும்பாது. அவள் நன்றி சொன்னாள். காப்பாற்றிய பல்லை வாயில் வைத்துக்கொண்டு, காப்பாற்ற நினைத்ததைப் பறிகொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். வந்தவள் முகத்தைக்கூடக் கழுவவில்லை. நேரே ஹாஜியார் வீட்டுக்கு நடந்தாள்.

நோனா மாமி ஹாலில் பாய்களை உதறிக்கொண்டிருந்தார். உம்மு குல்தூமைக் கண்டதும் பாயைப் போட்டுவிட்டுத் தலையணை எடுக்க ஓடினார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே அல்ஹம்துவை ஆரம்பத்திலிருந்து ஓதினாள். அல்லதீனவில் நிறுத்தி, அந்த ஒரு சொல்லைத் திரும்பவும் சொன்னாள். எங்கே பிழை, சொல்லுங்கள் என்று கேட்டாள்.

மாமியின் கண் கலங்கிவிட்டது. ஓதுவதில் என்ன குறை, உன்னைப்போல ஓத இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்றார். குனிந்து எழும்ப வேண்டுமே மகள், இருபது ரக்அத், நெற்றி நிலத்தில் பட நாற்பது ஸுஜூது, அந்த வருத்தத்தோடு எப்படித் தாங்குவாய் என்றார்.

ஸுஜூதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று உம்மு குல்தூம் திகைத்தாள். பல்லா, எந்தப் பல் என்று மாமி திகைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒனக்கு மூலம்னுதானே மகள் ஹாஜியார் சொன்னாரு?” என்றார் மாமி, குரலைத் தாழ்த்தி, வாசலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு.

“முல, மாமி. பல்லுட முல.” அவள் வாயைத் திறந்து சாம்பல் பல்லைக் காட்டினாள்.

மாமி அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பின்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கருணைக்கிழங்கு, ஆட்டுப்பால், தலையணை, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உம்மு குல்தூமும் சிரித்தாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அந்த வெட்கக்கேட்டைக் காதும் காதும் வைத்தாற்போலக் காத்து, ஒருத்திகூட அவள் முகத்துக்கு நேரே கேட்காமல், கிழங்கு அவித்து அனுப்பியிருக்கிறார்கள். இவர்களையா நாம் எழுத்துப் பிடிக்கிறவர்கள் என்று நினைத்தோம் என்று அவளுக்குச் சிரிப்புக்கு நடுவே அழுகை வந்தது. மஹ்ரூபைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் மாமி கேட்டார், பல் வருத்தத்தை எதற்காக மறைத்தாய் என்று. உம்மு குல்தூம் எழுத்தைப் பற்றிச் சொன்னாள். நாக்கு எங்கே தொட வேண்டும், பல் போனால் ஏன் வராது, எல்லாம் விளக்கினாள். சொல்லிக்கொண்டே போனவள் மாமியின் முகம் மாறுவதைக் கவனிக்கவில்லை. மாமி வாய்க்குள்ளே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். திரும்பவும் சொல்லிப் பார்த்தார். மேல்வரிசையில் அவருக்குப் பல் போய் எத்தனையோ காலம்.

“எனக்கு அல்லஸீனன்னுதான் வருது. அப்ப என்ட தொழுகையெல்லாம்?”

இத்தனை நோன்புக் காலம் உம்மு குல்தூமின் பக்கத்தில் நின்று தொழுத மனுஷி. அந்த விசில் சத்தம் வருடா வருடம் அவள் காதில் விழுந்துதான் இருக்கிறது. கேட்டு, உள்ளூர முகம் சுளித்ததும் உண்டு. அந்த நினைப்பு இப்போது அவளைச் சுட்டது. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலாததை அல்லாஹ் கேக்க மாட்டான் மாமி. ஏலுமானதைத்தான் கேப்பான். ஒங்கட தொழுகை கூடும். இது என்ட சொல்லு இல்ல, கிதாபுல இருக்கு.”

அது உண்மையும்கூட. பல்லில்லாதவரின் தொழுகை அவர் அளவில் நிறைவேறும், பிறருக்குத் தொழுவிப்பதற்குத்தான் தடை. மாமி அவள் முகத்தையே பார்த்தார், நம்பலாமா என்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் நடு இடத்துக்கு நீயே வா, ஸரீனா பாவம், பயத்தில் சாப்பிடுவதில்லை என்றார்.

பிறை கண்ட அன்று ஹால் நிறைந்துவிட்டது. உம்மு குல்தூம் வரிசைக்கு நடுவில் நின்றாள். வலது தோளை ஒட்டி மாமி, இடது தோளை ஒட்டி ஸரீனா. அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டி அல்ஹம்துவை ஓதினாள். அல்லதீன வந்தது. பல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை, நாக்குக்கு அது இருக்கிற இடம் தெரிந்தது. ஹால் முழுவதும் ஆமீன் சொன்னது.

அல்ஹம்துக்கும் அடுத்த சூராவுக்கும் இடையில் தொழுவிப்பவர் சற்று நிறுத்த வேண்டும். பின்தொடர்பவர்கள் அந்த இடைவெளியில் தங்கள் அல்ஹம்துவை ஓதிக்கொள்வார்கள். போன வருடம்வரை உம்மு குல்தூம் பெயருக்கு ஒரு மூச்சு நிறுத்திவிட்டு, தன் அழகான ஓதலைத் தொடங்கிவிடுவாள். பல்லில்லாத கிழங்கள் பாதியிலேயே விட்டுவிட்டு அவள் பின்னால் ஓட வேண்டியிருக்கும். அன்று அவள் நிறுத்தினாள். ஸரீனா சீக்கிரம் முடித்தாள். ஒவ்வொருவராக முடித்து, ஹால் அமைதியானது. வலது பக்கத்தில் மட்டும், ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி, பயந்து பயந்து, ஒரு மெல்லிய விசில் சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. இமாமுக்கு மறந்துவிட்டதோ என்று பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். உம்மு குல்தூம் அசையவில்லை. மாமி அல்லஸீனவைச் சொல்லி, மிச்சத்தையும் சொல்லி, ஆமீனும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் அடுத்த சூராவைத் தொடங்கினாள்.